உப்புக் கச்சேரியும் ஒரு பிரெஞ்சுப் படமும்

1

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் குளிர்கோட்டைக் கழற்றி வைத்து, உட்கார்ந்து, காப்பி வருவதற்குள் கேட்டுவிடுகிற கேள்வி ஒன்றுதான். "இது எந்த ஊர்க் கட்டடம்?"

போன ஞாயிற்றுக்கிழமை வந்த அம்மாளும் கேட்டார். பாண்டிச்சேரியிலிருந்து புதிதாக வந்து இறங்கியவர், என் வீட்டுக்காரரோடு வேலை செய்கிறவரின் மனைவி. அந்தக் கேள்விக்கு நான் ஒரு வருஷம் ஒரு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு பல மாதங்கள் படமே அலமாரிக்குப் பின்னால் கிடந்ததால் யாரும் கேட்கவில்லை. இப்போது மறுபடி சுவருக்கு வந்திருக்கிறது. என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் என் பெண் மாலா முந்திக்கொண்டு ஒரு பதில் சொல்லிவிட்டாள். அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதை இங்கேயே சொல்லிவிட்டால் அந்த அம்மாள் விழித்த மாதிரி நீங்களும் விழிப்பீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் மரக்காணத்தில் பிறந்தவள், பெயர் சரஸ்வதி. எங்கள் வீட்டுக்கு அங்கே குத்தகை உப்பளம் உண்டு. என்னைப் பாண்டிச்சேரியில் ஒரு சொல்தாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இவர் பட்டாளத்தை விட்டபின் பாரிஸுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறார். நாலாவது மாடியில் குடியிருக்கிறோம். மாலா நடக்கப் பழகியதே இந்த மாடிப்படியில்தான்.

ஊரை நினைத்து உருகுகிற ஆள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். உப்பளத்தை நான் ஒருநாளும் விரும்பியதில்லை. காலில் வெடிப்பு, வெடிப்பில் உப்பு, ராத்திரி முழுக்க எரிச்சல். கல்யாணம் நிச்சயமானபோது இனிமேல் பாத்தியில் கால் வைக்க வேண்டாம் என்பதுதான் எனக்கு முதல் சந்தோஷம். மாப்பிள்ளை இரண்டாவது. இதை இவரிடமே சொல்லியிருக்கிறேன்.

2

இங்கே ஞாயிறு காலைகளில் தெருவோரமாகப் பழைய சாமான்களைப் பரப்பி வைத்து விற்பார்கள். அகலமான பித்தளைப் பாத்திரம் ஏதாவது அகப்பட்டால் இட்லி வேக வைக்கலாமே என்று நான் போனேன். இவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். பட்டாளத்துப் பழக்கம் அது, எதையும் தொடாமல் பார்வையிடுவார்.

உடைந்த நாற்காலி ஒன்றில் சாய்த்து வைத்திருந்தார்கள் அந்தப் படத்தை. எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தது, அடியில் பெயர் எதுவும் இல்லை. பழைய கல் கட்டடம் ஒன்று. முகப்பில் மூன்று வளைவுகள். கூரை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. முன்னால் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. ஆள் கிடையாது, மரம் கிடையாது. சுவரெல்லாம் மங்கல். ஆனால் வளைவுகளின் உட்புறம், நிழல் அடைந்து கறுத்திருக்க வேண்டிய இடம், வெள்ளை வெளேரென்று இருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

"இது எங்க கச்சேரிங்க" என்றேன்.

உப்புக் கச்சேரி என்றதும் பாட்டுக் கச்சேரியை நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் சர்க்கார் ஆபீசுக்கு அதுதான் பெயர். கும்பினிக்காரன் உப்புக்கு வரி போட்ட நாளில், பாத்திகளுக்கு நடுவே ஒரு மேட்டில் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். முகப்பில் மூன்று வளைவுகள். என் காலத்தில் அங்கே ஆபீசும் இல்லை, அதிகாரியும் இல்லை. உப்பு வாருகிறவர்கள் மத்தியானக் கஞ்சி குடிக்கிற இடமாக ஆகியிருந்தது. கஞ்சி குடித்துவிட்டு வளைவுக்குக் கீழே படுப்போம். தூக்கம் வராது. மல்லாந்து பார்த்தால் தலைக்கு மேலே, வளைவின் உள்பக்கத்தில், வெளிச்சம் ஆடிக்கொண்டே இருக்கும்.

இவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்தா, உனக்கு என்னா ஆச்சு? மரக்காணத்துக் கச்சேரிய எந்த வெள்ளக்காரன் வந்து வரஞ்சான்?"

"கட்டுனவனே வெள்ளக்காரன்தானே? வரைய மாட்டானா?"

"அவன் இங்கிலீஷ்காரன். இது பிரெஞ்சுச் சரக்கு."

"பாண்டிச்சேரியிலேர்ந்து எவனாவது வண்டி கட்டிக்கிட்டு வந்து வரஞ்சிருப்பான்."

வண்டி கட்டி வந்த அந்தப் பிரெஞ்சுக்காரனை மறுக்க இவரிடம் ஆதாரம் இல்லை. படம் வீட்டுக்கு வந்தது, இட்லிப் பாத்திரம் வரவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும், "எங்க ஊர் உப்புக் கச்சேரி, கும்பினி காலத்துது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

3

நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல இந்த ஊரில் எனக்கு வேறு எதுவும் இருக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

குடியிருப்புக் கார்டு வாங்கப் போனபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பிறந்த ஊரைக் கேட்டார். மரக்காணம் என்றேன். அவர் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார், உதட்டைப் பிதுக்கினார். அப்படி ஓர் ஊர் இல்லையாம். பக்கத்தில் பெரிய ஊர் எது என்றார். பாண்டிச்சேரி என்று இவர் வாயைத் திறந்ததும் தட்டென்று அடித்து முடித்துவிட்டார். பாண்டிச்சேரியில் பிறந்ததாக எழுதினால் மரியாதைதானே என்று இவர் சமாதானம் சொன்னார். எனக்கு ஒருவாரம் சோறு இறங்கவில்லை. நான் உயிரோடு நிற்கும்போதே என் ஊரைப் புத்தகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லிவிட்டாரே.

மொழி அதற்கு மேல். இவர்களுக்கும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு. எங்கே எதைப் போடுவது என்று பதறிப் பதறி, மாலாவின் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவுக்கு நீ போட்டுவிட்டேன். திரும்பி வருகிற வழியில், எதிர் வீட்டு நாய் காலைச் சுற்றியது. அதற்கு நீங்கள் போட்டேன். மாலா அன்றிலிருந்து என்னோடு தெருவில் நடந்தால் நாலு அடி முன்னாலேயே போவாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொடுத்தால் டப்பா அப்படியே திரும்பி வரும். மாலதி என்று வைத்த பெயர் பள்ளிக்கூடத்தில் மாலாவாகத் தேய்ந்து, இப்போது வீட்டிலும் அதுவே நின்றுவிட்டது. வளர்கிற பெண்ணுக்கு அவளோடு படிக்கிறவர்கள் மாதிரி இருக்கத் தோன்றாதா? தோன்றும். அது எனக்குப் புரியும். புரிந்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

4

அப்படிப்பட்டவள் ஒருநாள் தானாக வந்து, "அம்மா, அந்தப் படத்தை ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகவா?" என்று தமிழில் கேட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

ஒவ்வொருவரும் ஒரு பழைய கட்டடத்தின் படத்தைக் கொண்டுவந்து வகுப்பில் பேச வேண்டுமாம். மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, அது என்ன மனநிலையைத் தருகிறது, அந்தக் கட்டடத்துக்கு என்ன அர்த்தம். மாலா எதிரே உட்கார்ந்துகொண்டு கேட்கக் கேட்க, நான் அடுப்பில் இருந்ததை மறந்து சொல்லிக்கொண்டே போனேன். கும்பினி, வரி, உப்பு, கஞ்சி எல்லாம் சொன்னேன். குழம்பு தீய்ந்தது.

"வெளிச்சம் எங்கேர்ந்து வருதும்மா?"

"எங்கேர்ந்து வரும்? சூரியன் மேலதானே இருக்குது, மேலேர்ந்துதான்" என்றேன். அவள் அதையே எழுதிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் கதவு திறந்த சத்தத்திலேயே எனக்கு ஏதோ தெரிந்துவிட்டது. படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

வகுப்பில் அவள் நன்றாகத்தான் பேசியிருக்கிறாள். டீச்சரம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "சூரியன் மேலே இருந்தால் வளைவுக்கு உள்ளே எப்படி இத்தனை வெளிச்சம்?" என்று கேட்டிருக்கிறார். மாலாவுக்குத் தெரியவில்லை. அப்புறம் டீச்சரம்மா தயங்கித் தயங்கி, நல்ல விதமாகத்தான், சொல்லியிருக்கிறார். இது இந்தியா இல்லை. இந்த நாட்டின் மேற்குக் கடற்கரையில் இருக்கிற பழைய கட்டடம். அவர் வருஷா வருஷம் லீவுக்குப் போகிற ஊர். போட்டோகூட வைத்திருக்கிறாராம். டீச்சர் நல்லவராக இருந்தால் போதுமா, வகுப்பு சிரிக்காமல் இருக்குமா? எங்கள் ஊர் நதியையும் மலையையும் கூட உங்கள் ஊர் என்று சொல்லிவிடாதே என்று ஒரு பையன் சொன்னானாம்.

"நீ என்கிட்ட பொய் சொன்னே" என்றாள் மாலா, பிரெஞ்சில்.

"பொய் இல்லடி. தப்பா நெனச்சிட்டேன்."

"படம் உங்க ஊர் இல்லை. உன் கார்டுல அந்த ஊர் பேரே இல்லை. நீ சொல்ற கட்டடத்துக்கு ஒரு போட்டோ இல்லை. நீ சொன்னதுல எது நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கோபத்தில் சொன்னாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவள் அழவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இவள் என்னை நம்பாமல் போய்விட்டால் நான் இவளுக்கு யார்? எங்கிருந்தோ வந்து சமைத்துப்போடுகிற ஒரு பொம்பிளை. நான் பிறந்தது, நடந்தது, உழைத்தது எல்லாம் இவளுக்கு வெறும் பேச்சு.

"லீவுக்கு ஊருக்குப் போவோம். கச்சேரிய நேர்ல காட்டறேன். மூணு வளைவும் எண்ணிப் பாத்துட்டு அப்புறம் பேசு" என்றேன்.

"இருந்தா பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

படத்தை நான்தான் அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன். அந்தக் கட்டடமும் உப்புக் கிடங்குதான் என்று போகிற போக்கில் இவர் ஒரு சங்கதி சொன்னார். டீச்சரம்மாவைப் பார்த்துக் கேட்டுவந்தாராம். எங்கள் வீட்டுக் குழம்பில் விழுகிற கல்லுப்பே அந்தக் கரையிலிருந்துதான் வருகிறதாம். அப்போது அது என் காதில் ஏறவில்லை.

5

ஜூலையில் புறப்பட்டோம். பாண்டிச்சேரியில் இவர் வீட்டில் இறங்கி, உறவுக்காரர்களுக்கெல்லாம் முகத்தைக் காட்டிவிட்டு, மரக்காணம் பஸ் ஏறினோம். பொம்மையார்பாளையம் வரைக்கும் மாலா ஜன்னலோரம் ஆர்வமாக உட்கார்ந்திருந்தாள். கூனிமேடு வருவதற்குள் தூங்கிவிட்டாள். மடியில் அவள் அப்பா வாங்கிக்கொடுத்த வைக்கோல் தொப்பி. குடை மாதிரி அவ்வளவு பெரிய விளிம்பு அதற்கு. நான் மட்டும் தூங்கவில்லை. பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி மூன்று வளைவையும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன்.

என் அண்ணன் ஏழுமலைதான் இப்போது உப்பளம் பார்க்கிறார். பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். இவர் பதறி, "மாமா, குடுங்க நான் தூக்கறேன்" என்றதற்கு, "சொல்தா தூக்கினா பட்டாளத்துக்குக் கேவலம்" என்று நக்கலடித்தார். வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை நான். மாலாவைக் கையைப் பிடித்து வரப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். அண்ணன் பின்னாலேயே ஓடிவந்தார்.

"எங்க சரசு ஓடறே? வெயிலு சாயட்டும்."

"கச்சேரியக் காட்டணும்ணா இவளுக்கு."

அண்ணன் நின்றுவிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மேடு தெரிந்தது. மேட்டின் மேல் நாலு ஆடு நின்றது. அவ்வளவுதான். கிட்டே போனால் முழங்கால் உயரத்துக்கு ஒரு துண்டுச் சுவர், நெருஞ்சி முள், ஆட்டுப் புழுக்கை.

"எங்கணா கச்சேரி?"

"அதுவா?" அண்ணன் தலையைச் சொறிந்தார். "ரெண்டு மழைக்கு முன்னாடியே ஒரு பக்கம் சாஞ்சிடுச்சி. கீழ படுக்கிறவங்க மேல உழுந்துடப் போவுதுன்னு எல்லாருமா சேந்து இடிச்சிட்டோம்."

"செங்கல்லெல்லாம்?"

"ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கினாங்க. நம்ம மாட்டுக் கொட்டாய்க்கும் ரெண்டு வண்டி வந்துது. நல்ல கல்லு சரசு, இந்தக் காலத்துல காசு குடுத்தாலும் கெடைக்காது."

நான் வாய்க்கு வந்ததைக் கத்தினேன். கும்பினி காலத்துக் கட்டடத்தை மாட்டுக் கொட்டாய் ஆக்கினீர்களே, உங்களுக்கு அறிவு இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கட்டுமே, கும்பினிக்காரன் என்னா திரும்பி வந்து கேக்கப் போறானா?" என்றார் அண்ணன். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இடிந்து விழுகிற சுவருக்குக் கீழே கஞ்சி குடிக்கிறவர்களுக்குச் சரித்திரம் பெரிதா, தலை பெரிதா?

மாலா என்னைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை. மாட்டுக் கொட்டாய்ச் சுவரைக் காட்டியபோது மரியாதையாகப் பார்த்தாள், தட்டையான பழைய செங்கல்லை ஒரு விரலால் தொட்டாள், தலையை ஆட்டினாள். வெளிநாட்டுக்காரர்கள் நம் கோயிலில் ஆட்டுகிற மாதிரி ஒரு தலையாட்டல். சாப்பாட்டில் எனக்குக் கை போகவில்லை. அண்ணி அஞ்சலை வஞ்சிர மீனை வறுத்து வறுத்து வைத்தாள். "வந்தது தண்டம்ங்க" என்று இவர் காதில் முணுமுணுத்தேன். "உன் பொண்ணு மூணாவது துண்டு திங்கிறா பாரு" என்றார் இவர். அந்த மனுஷனுக்கு எதிலும் ஓர் ஆறுதல் கிடைத்துவிடும்.

6

மறுநாள் காலை அண்ணனும் அண்ணியும் உப்பு வாரக் கிளம்பினார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் மாலாவும் வருகிறேன் என்றாள். அண்ணி ஒரு பழைய புடவைத் துணியை எடுத்துவந்தாள். எங்கள் உப்பளத்துப் பெண்கள் தலையில் முக்காடு போடுவதோடு நிற்க மாட்டார்கள். துணியை மோவாய்க்கு அடியில் கொண்டுவந்து, வாய் மூக்கு எல்லாம் மூடி, கண் மட்டும் தெரிகிற மாதிரி இறுக்கிக் கட்டுவார்கள்.

"இப்படிக் குனிம்மா. தாவாங்கட்டையோட சேத்துக் கட்டி உடறேன்."

"வேணாம் அத்தை. எனக்குத் தொப்பி இருக்குது" என்றாள் மாலா.

நானாவது சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் கோட்டுக்குள் வாழ்ந்ததில் எனக்கே அது மறந்துபோயிருந்தது. தொப்பிதான் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அன்று பகல் முழுக்க அவள் பாத்தியில்தான் இருந்தாள். அண்ணி மரப்பலகையால் உப்பை இழுத்து வரப்பில் குவிப்பதைப் பார்த்தாள், தானும் வாங்கி இழுத்தாள். உப்போடு சேற்றையும் வாரிக்கொண்டு வந்ததில் அண்ணனுக்கு ஒரு குவியல் கெட்டது. அப்புறம் வரப்பிலேயே உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

சாயங்காலம் வந்து தொப்பியைக் கழற்றினாள். நெற்றி நன்றாக இருந்தது. கன்னமும் பரவாயில்லை. ஆனால் மோவாய்க்கு அடியில், கழுத்துக்கு மேலே, மூக்குத் துவாரத்தைச் சுற்றி, எல்லாம் கன்றிச் சிவந்து கிடந்தது. தொட்டால் துள்ளினாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தொப்பி போட்டவளுக்குத் தாவாங்கட்டையில வெயிலு பட்டுருக்குது பாருங்க!"

தயிரைக் கொண்டுவந்து தடவிவிட்டாள். மாலா என் கைக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். தலையை அண்ணாந்து மோவாய்க்கு அடியில் பார்த்தாள். கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பினாள். வெகுநேரம் ஆயிற்று. எரிச்சலில் அழுகிறாளோ என்று நான் எழுந்து போனேன். அவள் அழவில்லை.

"அம்மா, டீச்சர் என்னைக் கேட்டாங்க. சூரியன் மேல இருந்தா வளைவுக்குள்ள எப்படி வெளிச்சம்னு." ஒவ்வொரு தமிழ் வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னாள். "இதான். தண்ணியில பட்டுக் கீழேர்ந்து வருது. தொப்பி போட்டா நிக்காது."

நான் குனிந்து அவள் மோவாய்க்கு அடியில் பார்த்தேன்.

"நீ அங்க சந்தையில கட்டடத்தைப் பார்க்கலம்மா. இந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கே. அந்தப் படம் போட்டவங்களும் இந்த மாதிரி ஒரு உப்புத் தண்ணிக்குப் பக்கத்துல நின்னுதான் போட்டிருக்காங்க."

அந்தப் பழைய நாற்காலிக்கு முன்னால் என் நெஞ்சை அடைத்தது எது என்று அதுவரை எனக்கே தெரியாது. வெறுத்து விட்டுவந்த பாத்திதான் கண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கட்டடத்தில் ஏமாந்தேன், வெளிச்சத்தில் ஏமாறவில்லை.

"கச்சேரியில நாங்க கீழ படுத்துருப்போம்டி" என்றேன். "வளைவு உள்பக்கத்துல வெளிச்சம் ஆடிக்கினே இருக்கும்."

"ஆடும்" என்றாள் மாலா, தயிர் வழிகிற மோவாயோடு. "காத்து அடிச்சா தண்ணி ஆடும். அப்ப மேல அதுவும் ஆடும்."

ஆமாம், அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. தான் பார்த்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள். பெற்றவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? உள்ளே போய் நேற்றைக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் அண்ணியின் துணியை அவளே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். நேரே மேட்டுக்குப் போய், ஆடுகளை விரட்டிவிட்டு, கச்சேரி இருந்த இடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். மேலே வானம் மட்டும்தான் இருந்தது.

"வளைவு எவ்வளவு உசரம் இருந்துது?" என்றாள்.

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். "அதெல்லாம் இல்ல, இன்னும் மேல" என்றார் அண்ணன். நடு வளைவு பெரிது என்றேன், மூன்றும் ஒன்றுதான் என்றார். படி இடதுபக்கம் என்றேன், வலதுபக்கம் என்றார். இடித்த மனுஷனுக்கு எவ்வளவு ஞாபகம் பாருங்கள். தொண்டை கிழியச் சண்டை போட்டோம். பாத்தியில் இருந்தவர்கள் பலகையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரு கிழவர், "நடுவுதான் பெருசு, நான் பூசு வேலை பாத்திருக்கேன்" என்று கத்தி எனக்கு வெற்றி வாங்கிக்கொடுத்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் மாலா எழுந்து உட்கார்ந்து ஒரு காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தாள். பெற்ற பெண் என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன், படம் சுமார்தான். ஒரு வளைவு கோணல். ஆனால் சுவர் முழுக்கப் பென்சிலால் தீற்றிவிட்டு, மூன்று வளைவுகளின் உட்புறத்தை மட்டும் தொடாமல் வெள்ளையாக விட்டிருந்தாள். அந்தப் படத்தை மாமாவிடமே கொடுத்துவிட்டாள். அண்ணன் அதை நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்.

7

திரும்பி வந்து பத்து நாள்தான் ஆகிறது. வந்த அன்றைக்கே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், மாலா அலமாரியை நகர்த்திப் படத்தை எடுத்துத் தூசி தட்டினாள். பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

டீச்சரம்மாவை ரொட்டிக் கடையில் பார்த்தோம். மாலா மடமடவென்று பேசி மோவாயைத் தூக்கிக் காட்டினாள். அவர் சிரித்து, தன் மோவாயையும் தூக்கி விரலால் தொட்டுக் காட்டினார். அந்தக் கரைக்குப் போகிற ஒவ்வொரு லீவிலும் அவருக்கும் அங்கேதான் கன்றிப்போகுமாம். நான் அவருக்கு ஒழுங்காக நீங்கள் போட்டுப் பேசினேன். மாலா அன்று என் பக்கத்திலேயே நடந்துவந்தாள்.

என் கார்டு விஷயத்தையும் அவளே கையில் எடுத்திருக்கிறாள். பிறந்த ஊரைத் திருத்த வேண்டுமானால் மரக்காணத்திலிருந்து அத்தாட்சி வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு எழுதியிருக்கிறோம். வாங்கி அனுப்புவார், கச்சேரிச் செங்கல்லைப் போல அதையும் எங்கேயாவது உபயோகப்படுத்திவிடாமல் இருந்தால்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அந்த அம்மாள் படத்தைப் பார்த்து, "இது எந்த ஊர்க் கட்டடம்?" என்று கேட்டார். நான் காப்பித் தட்டோடு யோசித்துக்கொண்டு நின்றேன். மேற்குக் கடற்கரை என்றால் உண்மை, ஆனால் அது மட்டும் போதாது. மரக்காணம் என்றால் பொய், ஆனால் அது முழுப் பொய்யும் இல்லை.

அறையிலிருந்து மாலா வந்தாள்.

"கட்டடம் இந்த ஊர்தான் அத்தை. வெளிச்சம் மரக்காணம்."

அந்த அம்மாள் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காப்பியை வாங்கிக்கொண்டார்.

"மரக்காணமா? அங்க என்னா இருக்குது, வெறும் உப்புதானே?"

மாலா வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, முகத்தை நன்றாக அண்ணாந்து, மோவாய்க்கு அடியில் தோல் உரிந்துகொண்டிருக்கிற இடத்தை அவருக்குக் காட்டினாள்.